ஜீப்பை உயர்த்தினேன், ஸ்டியரிங் நிலைகொள்ளவில்லை

கேள்வி: என்னிடம் 2007ஆம் ஆண்டு பிராடோ 120 ஜீப் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை டவுனுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்பதால், ஸ்பேசர் போட்டு முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் உயர்த்தி, டயரையும் பெரிதாக்கினேன். அன்றிலிருந்து ஸ்டியரிங் தொட்டாற்சிணுங்கி ஆகிவிட்டது. கலகெதரையால் குருநாகலுக்கு இறங்கும்வரை பெரிதாகத் தெரியாது. அங்கே அதிவேக வீதியில் ஏறி 90, 100 என்று போகும்போது விரலை அசைத்தாலே ஜீப் பக்கத்து வரிசைக்குப் போகப் பார்க்கிறது. வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதுமில்லை, கையால்தான் கொண்டுவர வேண்டும். ஒரு கராஜில் "பவர் கூடிவிட்டது, பம்பில் பிரஷரைக் குறைக்கலாம்" என்றார்கள். இன்னொரு பாஸ் ரெக்கை இறுக்கித் தந்தார். அதன்பின் இன்னும் மோசம். எலைன்மென்ட் செய்த இடத்தில் "எல்லாம் சரி" என்கிறார்கள். பவரைக் குறைத்தால் சரியாகுமா?

— வாசகர், அக்குறணை

பதில்:

நல்ல கேள்வி, அதைவிட நல்ல கடிதம். பெரும்பாலானவர்கள் "ஸ்டியரிங் சரியில்லை" என்று ஒரே வரி எழுதிவிட்டு, மிச்சத்தை நான் குறி பார்த்துச் சொல்வேன் என்று காத்திருப்பார்கள். நீங்களோ எந்த வேகத்தில், எந்த வீதியில், எதைச் செய்த பிறகு என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அதிலும், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் வியாதியே இருக்கிறது: வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை என்ற வரி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தப் பம்பில் இருந்து எல்லாரும் கையை எடுக்க வேண்டும்.

பவர் கூடியதால் ஸ்டியரிங் கூர்மையாகிவிட்டது என்பது நம் கராஜ்களில் பலகாலமாக உலாவும் நம்பிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கை எத்தனை பாகை திருப்பினால் சக்கரம் எத்தனை பாகை திரும்பும் என்பது பம்பின் கையில் இல்லை. அதை ஸ்டியரிங் விகிதம் என்போம். இந்த ரக ஜீப்புக்கு ஏறக்குறைய 18க்கு 1 என்று வைத்துக்கொள்ளலாம். கை 18 பாகை திருப்பினால் சக்கரம் ஒரு பாகை திரும்பும். அந்த விகிதம் ரெக்கின் பற்களிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ரெக் என்பது முன்சக்கரங்களை இடமும் வலமும் தள்ளுகிற, பல் வைத்த தண்டு. பம்ப் செய்வதெல்லாம் ஒயிலை அழுத்தி, அந்தத் தண்டைத் தள்ள உங்களுக்குக் கைகொடுப்பதுதான். அது எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் 18 என்பது 17 ஆகாது.

இன்னொன்றும் உண்டு. நேராக ஓடும்போது பவர் ஸ்டியரிங்கின் வால்வு நடுவில் திறந்தபடி நிற்கும்; ஒயில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பம்பின் முழு அழுத்தமும் தேவைப்படுவது கடை வாசலில் நிறுத்தும்போதும், இடுக்கில் வண்டியைத் திருப்பும்போதும்தான். ஆகவே பிரஷரைக் குறைத்தால் கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் உங்கள் தோள் வலிக்கும். அதிவேக வீதியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அப்படியானால் கலகெதர வளைவுகளில் மறைந்திருந்த குறை, குருநாகலுக்கும் மீரிகமவுக்கும் இடையிலான அதிவேக வீதியில் எப்படி வெளியே வந்தது? ஒரு சின்னக் கணக்கு. உங்கள் ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.79 மீற்றர். 50 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை ஒரே ஒரு பாகை திருப்பி இரண்டு செக்கன் பிடித்திருந்தால், ஜீப் சுமார் 13 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் விலகும். 100 கி.மீ. வேகத்தில் அதே ஒரு பாகை, அதே இரண்டு செக்கனுக்கு அரை மீற்றரையும் தாண்டிவிடும். வேகம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு. டயரின் நெகிழ்வைச் சேர்க்காத கணக்குத்தான், ஆனாலும் போக்கு அதுதான். கண்டி மலைவீதிகளில் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை, போகவும் கூடாது. அதனால் இந்தக் குறை அங்கே வாயைத் திறக்காது.

இந்தக் கணக்கு எல்லா ஜீப்புக்கும் பொது. அப்படியிருக்க மற்ற ஜீப்கள் ஏன் அலைவதில்லை? அங்கே அந்த ஒரு பாகையைத் திருப்பவே கை கொஞ்சம் முயல வேண்டும். நேராக நிற்கவே விரும்பும் சக்கரம் கையை எதிர்த்துத் தள்ளும். உங்கள் ஜீப்பில் அந்த எதிர்ப்புப் போய்விட்டது. கைக்குத் தெரியாமலே ஒரு பாகை, ஒன்றரைப் பாகை திரும்பிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிந்ததும் நீங்கள் பதறி மறுபக்கம் திருப்புகிறீர்கள். அது கொஞ்சம் கூடிப்போகிறது. கூர்மை கூடிவிட்டதாக நீங்கள் உணர்வது, உண்மையில் நடுநிலையின் பிடி குறைந்ததைத்தான். லேசாக இருப்பது வேறு, நிலையில்லாமல் இருப்பது வேறு. பழைய பென்ஸ் கார் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிறுத்தும்போது ஒற்றைக் கையால் சுழற்றலாம். ஓடும்போது கோடு கிழித்தாற்போல் நேராகப் போகும். பவர் அங்கேயும் உண்டுதானே.

நேராக நிற்கும் அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், காஸ்டர் என்ற கோணத்தில் இருந்து. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது செங்குத்தாக இருக்காது. மேல்முனை சற்றுப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், அதே சாய்வு இருக்கும். பையன்கள் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். அச்சைக் கீழே நீட்டிக் கோடு போட்டால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் அது தரையைத் தொடும். ஆகவே டயர் எப்போதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருகிறது. இழுபடுகிற எதுவும் இழுப்பவனுக்கு நேர் பின்னால் வந்து நிற்கத்தான் பார்க்கும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவது இதனால்தான். 1896இலேயே பிரான்சில் ஆர்தர் கிரெப்ஸ் என்ற பொறியாளர் மோட்டார் வண்டியின் முன்சக்கரங்களுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து உரிமைப்பத்திரம் வாங்கிவிட்டார். பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்த காரில் ஏறியது 1951இல். பவர் வந்த பிறகு காஸ்டரைத் தாராளமாகக் கூட்ட முடிந்தது, ஏனென்றால் கூடும் பாரத்தைப் பம்ப் சுமந்துகொண்டது. மேலே சொன்ன பென்ஸ் கார்கள் சிலவற்றில் காஸ்டர் 10 பாகையைத் தொடும். நம் ஜீப்களில் அவ்வளவு இல்லை, பெரும்பாலும் 2க்கும் 4க்கும் இடையில்தான்.

மூன்று பாகை உள்ளவனிடம் ஒன்றரைப் பாகையைப் பறித்தால் என்ன மிஞ்சும்? உங்கள் ஸ்பேசர் செய்தது அதைத்தான்.

பிராடோவில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன: மேலே அப்பர் ஆர்ம், கீழே லோவர் ஆர்ம். கொயில் ஸ்பிரிங்கின் தலையில் ஸ்பேசர் என்ற தகட்டை வைத்து உயர்த்தும்போது இரண்டு ஆர்ம்களும் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அப்படிச் சாயும்போது திரும்பும் அச்சின் மேல்முனை முன்னுக்கு வந்துவிடும், காஸ்டர் குறைந்துவிடும். இதில் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. ஸ்பிரிங் லோவர் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், தலையில் வைக்கும் ஒரு அங்குலத் தகடு சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலமாகும். தகட்டின் கனத்தைப் பார்த்து வாங்கியவர்கள், நினைத்ததைவிட இரட்டிப்பாக உயர்த்திவிட்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். நீங்கள் போட்டது இரண்டு அங்குலத் தகடா, இரண்டு அங்குல உயர்வா? அளந்து பாருங்கள்: சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை. உயர்த்தாத இன்னொரு பிராடோ 120இலும் அதே இடத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

முன்னால் முழு அச்சு உள்ள பழைய லேண்ட் குரூசர் 80இலும் இதே கதைதான். அதில் இயல்பான காஸ்டர் 3 பாகை. ஓர் அங்குலம் உயர்த்தினால் ஏறக்குறைய ஒரு பாகை போகும். அவுஸ்திரேலியாவில் ஜீப்பை உயர்த்துவோர் அதிகம் என்பதால், இழந்த காஸ்டரை மீட்கத் துளை தள்ளிப்போட்ட புஷ்களை அங்கே தனிச் சாமானாகவே விற்கிறார்கள். உயர்த்தும் கிட் வாங்குகிறவர் இதையும் சேர்த்தே கேட்பார். நம் பக்கத்தில் தகடு மட்டும் வந்து சேர்ந்தது, கூட வர வேண்டியது வரவில்லை.

காஸ்டரோடு டோவும் கெட்டிருக்கும். டோ என்பது இரண்டு முன்சக்கரங்களையும் மேலிருந்து பார்த்தால் அவற்றின் முன்விளிம்புகள் உள்ளே சாய்கின்றனவா, வெளியே விரிகின்றனவா என்பது. உயர்த்தினால் டோ கட்டாயம் மாறும். வெளியே விரிந்தால் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்க்கும். எந்தச் சக்கரத்தில் பாரம் கூடுகிறதோ அது ஜெயிக்கும். அந்தச் சண்டையைத்தான் நீங்கள் ஸ்டியரிங்கில் உணர்வது. உள்ளங்கையை டயரின் பட்டைமேல் உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் அரம் போலவும் கையில் பிடித்தால் டோ பிழை.

இனி அந்த "எல்லாம் சரி". பலருக்கு மனக்கஷ்டம் தரும் இடம் இதுதான். எலைன்மென்ட் கடைகளில் பல நேரங்களில் டோவை மட்டும் சரிசெய்துவிட்டு வண்டியைத் தந்துவிடுகிறார்கள். டோவைத் திருத்துவது சுலபம். ரெக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட்டின் நட்டைத் தளர்த்தித் திருகினால் போதும். காஸ்டரைத் திருத்த வேண்டுமென்றால் லோவர் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள கேம் போல்ட்டுகளைச் சுழற்ற வேண்டும். கேம் போல்ட் என்பது மையம் தள்ளிய வட்டத் தகடு வைத்த போல்ட். சுழற்றினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. மழையும் சேறும் ஓயாத மலைநாட்டில் பதினைந்து, இருபது வருடம் ஓடிய ஜீப்பில் இந்த போல்ட்டுகள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். நட்டு சுழலும், போல்ட் அசையாது. அசைக்க முடியாததை விட்டுவிட்டு, அசைவதைத் திருத்திச் சிட்டை தருகிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப்களை எல்லாரும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்கள் என்றாலும், இந்த நான்கு போல்ட்டைத் தேடிக் கிரீஸ் போட்டவர்கள் குறைவு.

ஆகவே "சரி" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வராதீர்கள்; அச்சடித்த சிட்டையைக் கேளுங்கள். அதில் காஸ்டர் என்ற வரிசையில் இடது, வலது என இரண்டு எண்கள் இருக்கும். திருத்துவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்றும் இருக்கும். முன்னும் பின்னும் ஒரே எண் இருந்தால் கேம் போல்ட்டை யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் காசு செலவாகாத இடத்தில் தொடங்குவேன். ரெக்கை இறுக்கிய நட்டை அதே பாஸிடம் சொல்லிப் பழைய நிலைக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள். அந்த நட்டு ரெக்கைப் பற்சக்கரத்தோடு அழுத்திப் பிடிப்பதற்கு. தேய்ந்த ரெக்கின் ஆட்டத்தைக் குறைக்க அளவாக இறுக்கலாம். அளவு மீறினால் ரெக் உராய்ந்து, திருப்பிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். திரும்பி வரும் பலம் ஏற்கனவே குறைந்துபோன ஜீப்பில் உராய்வையும் கூட்டினால் இன்னும் மோசமாகாமல் என்ன செய்யும்? நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான், இடம் மட்டும் பிழை.

அடுத்து காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிட்டையில் டயரின் அளவும் காற்றும் எழுதியிருக்கும். இந்த ஜீப்பில் பெரும்பாலும் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டித்தான் இருக்கும். பெரிய டயருக்குப் பெரிய காற்று என்று பெற்றோல் செட்டில் 40 அடித்துவிடுவது வழக்கம். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் வீதியைத் தொடும். ஜீப் துள்ளும், திசை மாறும். டயர் குளிர்ந்திருக்கும் காலையில் அளந்து சரிசெய்யுங்கள். ரிம் பற்றி நீங்கள் எழுதவில்லை. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் டயரின் நடுவுக்கும் திரும்பும் அச்சுக்கும் இடையே பக்கவாட்டுத் தூரம் கூடிவிட்டது. வீதியின் ஒவ்வொரு பள்ளமும் அந்தத் தூரத்தை நெம்புகோலாக வைத்து ஸ்டியரிங்கைப் பிடுங்கும். சின்ன வட்டமான ஸ்டியரிங் வீல் மாற்றியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். வட்டம் சிறுத்தால் அதே கை அசைவு கூடுதல் பாகையாகும்.

பிறகு ஆட்டம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உலுக்கினால் ஆட்டம் தெரிகிறதா? போல் ஜொயின்ட் அல்லது பெயரிங். பக்கவாட்டில் பிடித்து உலுக்கினால் தெரிகிறதா? டை ரொட் என்ட். லோவர் ஆர்ம் புஷ்களில் ரப்பர் வெடித்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு இருக்கும் கொஞ்சக் காஸ்டரும் அந்த நேரத்துக்குக் காணாமல் போகும். ஆட்டம் உள்ள வண்டிக்கு எலைன்மென்ட் செய்வது தண்ணீரில் கோடு கிழிக்கிற வேலை.

இவ்வளவும் முடிந்த பிறகு கேம் போல்ட். அசையாவிட்டால் வெட்டி எடுத்து, புஷ்ஷும் போல்ட்டும் புதிதாகப் போட வேண்டும். கராஜில் ஒரு முழு நாள் போகும் வேலை. "நாளைக்கு வாங்க" என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். புது போல்ட்டுகள் வந்ததும், கெம்பர், அதாவது முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு, எல்லைக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டு காஸ்டரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டச் சொல்லுங்கள். டோ மிகக் குறைந்த அளவில் உள்நோக்கி இருக்கட்டும். இரண்டு பக்கக் காஸ்டருக்கும் வித்தியாசம் அரைப் பாகைக்குள் இருப்பது நல்லது. அந்த வித்தியாசம் இருக்கவே வேண்டுமென்றால் இடது பக்கம் கூடியதாக இருக்கட்டும். வண்டி காஸ்டர் குறைந்த பக்கத்துக்கே இழுக்கும்; நம் வீதியோ தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருப்பது. ஒன்றை ஒன்று சமாளித்துக்கொள்ளும்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் கேம் போல்ட்டின் எல்லை போதாமல் போகலாம். அப்போது, காஸ்டரைக் கூட்டும் வகையில் செய்த மாற்று அப்பர் ஆர்ம் போடலாம். அல்லது உயரத்தில் ஓர் அங்குலத்தை இறக்கலாம். என்னைக் கேட்டால் இறக்கத்தான் சொல்வேன். உங்கள் ஜீப்பை 700 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீரில் ஓட்டலாம் என்று உற்பத்தியாளரே சொல்கிறார். அது முழங்காலுக்கு மேல். அதைத் தாண்டித் தண்ணீர் நின்றாலோ, ஆழம் குறைவாக இருந்தும் இழுத்து ஓடினாலோ, இரண்டு அங்குலம் உயர்ந்த ஜீப்பையும் வீட்டில் நிறுத்திவிட்டு மாடியிலிருந்து பார்ப்பதுதான் புத்தி. டயர் கணக்கும் இப்படித்தான்: 265/65 அளவை எடுத்துவிட்டு 285/70 போட்டால் விட்டம் ஐந்தரைச் சென்ரிமீற்றர் கூடும், ஆனால் ஜீப் உயர்வது அதில் பாதிதான். மற்றப் பாதி மட்கார்டுக்குள் போய் உரசும்.

யாராவது ஸ்டியரிங் டாம்பர் போடச் சொல்வார்கள். அது சக்கரத்தின் அதிர்வை அடக்கும் சின்ன ஷொக். அதிர்வுதான் குறை என்றால் உதவும். உங்கள் குறையை அது மூடி வைக்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் திரும்பி வருவதை இன்னும் மந்தமாக்கவும் கூடும். 2023இல் அறிமுகமான பிராடோ 250 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதில் பம்ப் இல்லை, மின்மோட்டார்தான் கைகொடுக்கிறது. எலைன்மென்ட் செய்தபின் ஸ்டியரிங் கோணத்தை அறியும் சென்சருக்கு நடுநிலை எது என்று கணினியால் மறுபடி சொல்லிக்கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக, கேம் போல்ட் நட்டுகளை முடிவாக இறுக்குவது ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. நான்கு சக்கரமும் தரையில் பாரம் சுமந்து நிற்கும்போது. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், சில மாதத்தில் வெடிக்கும். இறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் ஓடிய பிறகு குனிந்து பார்த்தால், போல்ட் நகர்ந்திருக்கிறதா என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். நகர்ந்திருந்தால் அதே கடைக்கு, அதே சிட்டையோடு போங்கள்.